மூன்று இன்ச் தூக்கிய கதை

பிக்கப்பைத் தூக்கி, அதாவது சஸ்பென்ஷனில் கட்டை வைத்து உயரமாக்கி, பெரிய டயர் மாட்டி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அப்பா மட்டும் கதவைத் திறந்து, காலை எங்கே வைப்பது என்று தேடிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஏணியையும் கையோட வாங்கியிருக்கலாம்ல?" என்றார். சிரித்துச் சமாளித்தேன். மறுநாள் காலை ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைப் பின்னால் எடுத்தபோது முன்சக்கரத்திலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்த்தால், புது டயர் மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

மூன்று இன்ச் தூக்கியாகிவிட்டது, பிறகு ஏன் இடிக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்கு ஓராண்டும் இன்னொரு செட் டயரும் தேவைப்பட்டன.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன், பின்பக்கம் ஒரே நீள ஆக்ஸிலும் லீஃப் ஸ்பிரிங்கும். இன்றைய பிக்கப்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். கம்பெனி கொடுத்த டயர் 265/70 ஆர்17. இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 265 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 70 சதவீதம், அதாவது 185.5 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், இது மட்டும் இன்ச்சில். ஒரே வரியில் இரண்டு அளவுமுறையைக் கலந்து வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர், நடுவில் ரிம்: மொத்த விட்டம் 803 மி.மீ. சுமார். இன்ச்சில் 31.6.

நான் மாட்டியதோ 35 x 12.50 ஆர்17. இந்த வகை எழுத்தில் கணக்கே வேண்டாம்: 35 இன்ச் விட்டம், பன்னிரண்டரை இன்ச் அகலம். (நிஜத்தில் அளந்தால் பெரும்பாலும் அரை இன்ச்சாவது குறையும்.) எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்காதீர்கள். படத்தைப் பார்த்தேன், பிடித்தது, அவ்வளவுதான். முதலில் வண்டியைத் தூக்கும் கிட்டை வாங்கினேன், அப்புறம் அந்தக் கிட்டுக்கு 'போகும்' என்று யாரோ சொன்ன டயரை வாங்கினேன். வரிசையே தலைகீழ்.

கிட் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, அட்டைப்பெட்டிக்குள் இருந்தவை முன்பக்கத்துக்கு இரண்டு அலுமினிய வட்டைகள், பின்பக்கத்துக்கு இரண்டு இரும்புக் கட்டைகள், சில போல்ட்டுகள். முன் வட்டை ஸ்பிரிங்–ஷாக் அப்சார்பர் தொகுப்பின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே உட்காரும். அதன் தடிமன் ஒன்றரை இன்ச்தான், ஆனால் வண்டி மூன்று இன்ச் ஏறியது. ஏமாற்று வேலை இல்லை. ஷாக்கின் கால், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் பிடித்திருக்கிறது, சக்கரமோ அதன் நுனியில். நெம்புகோல் மாதிரிதான்: நடுவில் ஒரு சாண் இறங்கினால் நுனியில் இரண்டு சாண்.

இனி முதல் ஏமாற்றம். பிக்கப்பைத் தூக்குவதே கரடுமுரடான பாதையில் அடி தட்டாமல் இருக்கத்தான் என்று நான் நினைத்திருந்தேன். பின்பக்கம் மிகத் தாழ்வாகத் தொங்குவது ஆக்ஸிலின் நடுவில், சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்களை உள்ளே வைத்திருக்கும் கிரௌன் உருண்டை. ஆக்ஸில் உட்கார்ந்திருப்பது சக்கரத்தின் மேல், ஸ்பிரிங்கின் மேல் அல்ல. எனவே ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே நீங்கள் இரண்டு இன்ச் கட்டை வையுங்கள், பத்து இன்ச் வையுங்கள், கிரௌன் ஒரு மி.மீ. கூட உயராது. பாடியும் சேஸிஸும்தான் மேலே போகும். கிரௌனை உயர்த்த ஒரே வழி டயர், அதிலும் விட்டம் கூடியதில் பாதிதான் கணக்கில் வரும். 31.6-லிருந்து 35-க்குப் போனதில் விட்டம் 86 மி.மீ. கூடியது, கிரௌன் உயர்ந்தது 43. இரண்டு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் மேல். இதற்கா இவ்வளவும் என்று அன்று இரவு டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு யோசித்தேன்.

சரி, தூக்குவதில் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. செங்குத்தான மேட்டில் ஏறும்போது முன் பம்ப்பர் தரையில் குத்தாது, மேட்டின் உச்சியில் வண்டியின் நடுவயிறு மாட்டிக்கொள்ளாது, இறங்கும்போது வால் உரசாது. இந்த மூன்று கோணங்களும் தூக்கினால் நிச்சயம் மேம்படும். பாறையோ ஆழமான சக்கரத் தடமோ கிரௌனில் இடிப்பது மட்டும் அப்படியே இருக்கும். உங்கள் வண்டியில் எது இடிக்கிறது என்பதை அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். சிராய்ப்புத் தடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிரச்சினை. என் வண்டியில் பக்கப்படிக்குக் கீழேயும் பின் பம்ப்பரின் மூலையிலும் மட்டுமே சிராய்ப்பு இருந்தது.

இப்போது அந்தக் 'கர்ர்ர்'. இதுதான் எனக்குப் புரிய அதிக நாள் எடுத்தது.

ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது டயர் மேலே போவதில்லை, முன்னும் பின்னும் சுழல்கிறது. டயரின் முன்தோள் பம்ப்பரின் மூலையை நோக்கிப் போகிறது, பின்தோள் கேபின் சேஸிஸில் உட்காரும் மவுண்டை நோக்கிப் போகிறது. பாடியை மேலே தூக்கினால் டயருக்கு மேலே இடம் கிடைக்கும், முன்னும் பின்னும் கிடைப்பது சொற்பம். அதோடு நான் 'ஸ்டான்ஸ்' (வண்டி அகலமாகக் காலை விரித்து நிற்கும் தோற்றம்) என்ற ஒரு வார்த்தைக்கு மயங்கி, ஆஃப்செட் குறைந்த புது ரிம்மும் வாங்கியிருந்தேன். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியோடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. பழைய ரிம்மில் கூட்டல் 30, புதியதில் பூஜ்யம். அதாவது சக்கரம் முழுவதும் 30 மி.மீ. வெளியே வந்துவிட்டது. வெளியே வந்த சக்கரம் திரும்பும்போது பெரிய வட்டம் போடும், இடிக்காமல் என்ன செய்யும்? பேரிங்குக்கும் அதிகச் சுமை, பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டும் போகும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். நிற்கும் வண்டியில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளி ஒரு மாயை. ஒரு பெரிய குழியில் முன்சக்கரம் விழுந்து எழும்போது சஸ்பென்ஷன் முழுவதும் சுருங்கி, கீழ் ஆர்ம் சேஸிஸில் உள்ள ரப்பர் தடுப்பில் போய் மோதி நிற்கும். அந்த ரப்பர் தடுப்பு நான் வட்டை வைத்ததால் இடம் மாறவில்லை. எனவே முழுக்கச் சுருங்கிய நிலையில் டயர் போய் நிற்கும் இடம், தூக்காத வண்டியில் எங்கேயோ அதே இடம்தான். நிற்கும்போது மூன்று இன்ச் கூடுதல் இடம், உண்மையில் தேவைப்படும் அந்த அரை நொடியில் சைபர். இதை விளக்கிச் சொன்ன பிறகும் என் நண்பன், "ஆனா கை உள்ள போகுதேடா" என்று மட்கார்டுக்குள் கையை விட்டுக் காட்டுகிறான்.

மற்ற தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்றது. வட்டை வைத்ததால் மேல் ஆர்ம் இறங்கக்கூடிய எல்லை கூடவில்லை. சக்கரம் முன்பே பாதிக்கு மேல் கீழே இறங்கி நிற்கிறது, இன்னும் இறங்கக் கொஞ்சம்தான் மிச்சம். தடையைத் தாண்டி சக்கரம் தொங்கும்போது ஆர்ம் தன் எல்லையில் போய் முட்டுகிறது. நெடுஞ்சாலையில் வண்டி லேசாக அலைந்தது, வளைவு முடிந்து விட்டால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரச் சோம்பல்பட்டது. காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, குறைந்துபோனதுதான் காரணம். அலைன்மெண்ட் போட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியவில்லை, திருகுவதற்கு இருந்த இடம் தீர்ந்துவிட்டது. மேல் ஆர்மையே மாற்றினால்தான் சரியாகும் என்றார்கள். முன் ஆக்ஸில் ஷாஃப்டுகளின் சரிவு அதிகமாகி, அவற்றின் ரப்பர் பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரச ஆரம்பித்திருந்தன. பூட் கிழிந்தால் கிரீஸ் போகும், மண் உள்ளே வரும், ஜாயிண்ட்டின் ஆயுள் அவ்வளவுதான்.

பின்பக்கம் தன் பங்குக்கு, வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் ஒரு நடுக்கம் கொடுத்தது. முப்பது கி.மீ. வேகம் வந்தால் போய்விடும். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்து நடுவில் ஒரு பேரிங் தாங்கும் வண்டிகளில் இது சகஜம். பின்பக்கத்தை உயர்த்தியதும் ஷாஃப்டின் கோணங்கள் மாறிவிடுகின்றன. நடு பேரிங்கைக் கொஞ்சம் இறக்க ஒரு சின்னத் தகடு போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. கிட் மாட்டிய இடத்தில் கேட்டதற்கு, "பெரிய டயர்ல அப்படித்தான் சார் இருக்கும், பழகிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

டயரின் எடையை யாரும் சொல்வதில்லை. குளியலறை எடை பார்க்கும் கருவியில் வைத்துப் பார்த்தேன்: பழைய டயர் 18 கிலோ, புதியது 31. நான்குக்கும் சேர்த்து 52 கிலோ கூடுதல். வண்டியின் தொட்டியில் 52 கிலோ மூட்டை ஏற்றினால் ஒன்றுமே தெரியாது. ஆனால் இது சுழலும் எடை, அதுவும் சக்கரத்தின் விளிம்பில். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இதைச் சுழற்ற வேண்டும், ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அடக்க வேண்டும். பிரேக் பெடலை முன்பைவிட அழுத்தி மிதித்தபோதுதான் உறைத்தது, டிஸ்க் அதே டிஸ்க், பேடு அதே பேடு.

கியர் கணக்கும் கெட்டது. கிரௌன்-பினியன் விகிதம் 3.73, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று சுற்ற வேண்டும். டயர் 10.7 சதவீதம் பெரிதானதால் அது 3.37 போல நடந்துகொள்ளும். மேட்டில் கியர்பாக்ஸ் மேலே போவதா கீழே வருவதா என்று தவித்தது. சரிசெய்ய 4.10 விகிதக் கிரௌன்-பினியன் போட வேண்டும், நான்கு சக்கர டிரைவ் வண்டி என்பதால் முன்னும் பின்னும் இரண்டிலும். அந்தச் செலவை விசாரித்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தேன். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நான் 110-ல் போய்க்கொண்டிருந்தேன். மைலேஜ் படுமோசம் என்று புலம்பியதிலும் கொஞ்சம் கணக்குப் பிழை இருந்தது. 110 கி.மீ. ஓடியிருக்க மீட்டர் 100 என்றுதான் எழுதுகிறது. திருத்திப் பார்த்தாலும் குறைந்துதான் இருந்தது, ஆனால் நான் ஊரெல்லாம் சொன்ன அளவுக்கு இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு பெரியவரிடம் போனேன். லாரி சஸ்பென்ஷன் வேலையில் வயது கடந்தவர். வண்டியைச் சுற்றி வந்து, கீழே குனிந்து பார்த்து, கட்டையை விரலால் தட்டி, "தம்பி, பின்னாடி எவ்வளவு வெயிட் ஏத்துவீங்க?" என்றார்.

"மாசத்துல ரெண்டு மூணு தடவை, ஒரு நானூறு கிலோ இருக்கும்ணே."

"முன்னாடி இரும்பு பம்ப்பர், வின்ச் ஏதாவது மாட்டப் போறீங்களா?"

"இல்லண்ணே."

"அப்போ எதுக்கு இவ்வளவு உயரம்?"

பதில் சொல்ல வரவில்லை. பிறகு அவர் கேட்டதுதான் இரண்டாவது சுற்றுக்கு வழி காட்டியது: "டயர் எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? அதைச் சொல்லாம உயரத்தை எப்படிச் சொல்றது?"

அந்த வாரம் முழுவதும் டயரை மட்டும் பார்த்தேன். 285/70 ஆர்17 என்று முடிவானது. விட்டம் 831 மி.மீ., பழையதைவிட 28 கூடுதல், அகலம் 20 கூடுதல். ஸ்பீடோமீட்டர் பிழை மூன்றரை சதவீதம், கிரௌனைத் தொடவே வேண்டாம். கம்பெனி ரிம்மே போதும். கிரௌன் 14 மி.மீ.தான் உயரும் என்பது தெரிந்தேதான் எடுத்தேன், என் சிராய்ப்புகள் எதுவும் கிரௌனில் இல்லையே.

பட்டன் (தரையில் பதியும் ரப்பர் வெட்டு) வகையில் நான் அதிகம் யோசிக்கவில்லை. மட் டெரைன் டயர் சேற்றில் அள்ளிக்கொண்டு போகும், தார்ச்சாலையில் ஹெலிகாப்டர் மாதிரி இரையும், ஈரத் தரையில் பிரேக் பிடிக்கும்போது நம்பிக்கை குறைவு. வாரத்தில் ஆறு நாள் தார்ச்சாலையில் ஓட்டுகிறவனுக்கு, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைனே அதிகம்.

யோசித்தது சுமைக்குறியீட்டைப் பற்றி. பழைய டயரில் 115 என்று இருந்தது, அதாவது ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும். புதியது எல்.டி. வகை (லைட் டிரக், சுமை வண்டிகளுக்கானது), 121, அதாவது 1,450 கிலோ. கூடுதல்தானே என்று அப்படியே விட்டுவிட முடியாது. அந்த 1,450 என்பது 80 பிஎஸ்ஐ காற்றில். எல்.டி. டயரின் சுவர் கனமானது, அதே சுமையைத் தாங்க அதற்குச் சாதாரண டயரைவிட அதிகக் காற்று வேண்டும். கதவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் பழைய டயருக்கானது, அதைப் பார்த்து எல்.டி. டயருக்குக் காற்றடித்தால் டயர் சுமையில் பிதுங்கிச் சூடாகும். டயர் கம்பெனிகள் வெளியிடும் சுமை-அழுத்த அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பார்த்து வாங்குங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கடையில் மூன்று ஆண்டு தூங்கிய டயரைப் 'புதுசு' என்று தருவார்கள்.

ஒரு டயரை மட்டும் முதலில் ரிம்மில் மாட்டி அவர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முன்பக்க ஸ்பிரிங்–ஷாக் தொகுப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சக்கரத்தை மாட்டி, கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஆர்ம் ரப்பர் தடுப்பில் போய் அழுந்தும் வரை ஏற்றினார். "இப்போ ஸ்டியரிங்கை அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் திருப்புங்க" என்றார். திருப்பினேன். ஒரே ஒரு இடத்தில், மட்கார்டின் உள் பிளாஸ்டிக் லேசாக உரசியது. ஹீட் கன் வைத்துச் சூடாக்கி அரை இன்ச் அழுத்திவிட்டார். முடிந்தது. அதாவது இந்த டயருக்கு வண்டியைத் தூக்கவே தேவையில்லை. ஓராண்டாக நான் பட்ட பாட்டுக்கு விடை அந்தப் பத்து நிமிடத்தில் இருந்தது. கிட் வாங்குவதற்கு முன் யாராவது இந்தச் சோதனையைச் செய்து காட்டியிருந்தால்!

இதுவே 35 இன்ச் டயர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு வழி இரண்டு. ஒன்று, பாடி லிஃப்ட்: சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்துப் பாடியை மட்டும் உயர்த்துவது. இதைக் கேலி செய்கிறவர்கள் அதிகம், பம்ப்பருக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி தெரியும், சேஸிஸ் ஒரு மி.மீ. உயராது. ஆனால் டயருக்கு இடம் தருவதில் இதைப் போல நேர்மையானது இல்லை. சஸ்பென்ஷன் கோணம் எதுவும் மாறாது, குழியில் விழும்போதும் அந்த இடம் இருக்கும். ஸ்டியரிங் ஷாஃப்ட், பெட்ரோல் ஊற்றும் குழாய், கியர் கம்பி எல்லாம் எட்டுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இன்னொன்று, முன்பக்க ஆர்ம்கள், கிரௌன் எல்லாவற்றையும் பிராக்கெட் போட்டுக் கீழே இறக்கும் பெரிய கிட், நான்கு இன்ச், ஆறு இன்ச் என்று வரும். கோணங்கள் சரியாக இருக்கும். ஆனால் சில கிட்களுக்குச் சேஸிஸின் ஒரு குறுக்குத் துண்டையே வெட்டியெடுக்க வேண்டும். வெட்டிய பிறகு பழையபடி ஆக்குவது எளிதல்ல.

உயரம் ஏறினால் கவிழும் வாய்ப்பும் ஏறும், இதை மழுப்பக் கூடாது. இடது-வலது சக்கர இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். இடைவெளி 1.7 மீட்டர், மையம் 0.7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.21. மையம் ஏழு செ.மீ. ஏறினால் 1.10. எண் குறையக் குறைய, திடீரென்று ஸ்டியரிங்கை வெட்டும்போது வண்டி சறுக்குவதற்குப் பதில் புரளப் பார்க்கும். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் தூக்குகிறவர்கள் இதையும் சேர்த்து யோசிக்கட்டும். எவ்வளவு தூக்கலாம், டயர் எவ்வளவு வெளியே நீட்டலாம் என்பதற்கு அந்தந்த இடத்துச் சட்டமும் இருக்கும்.

கடைசியில் நான் தூக்கினேனா? தூக்கினேன், ஒன்றரை இன்ச். பக்கப்படியும் பின்மூலையும் தரையில் படாமல் இருக்க அவ்வளவு போதும். முன்பக்கம் வட்டைக்குப் பதில், அந்த உயரத்துக்கே நீளம் கணக்கிட்டுச் செய்த ஸ்பிரிங்கும் ஷாக்கும். பின்பக்கம் கட்டையை எடுத்துவிட்டு, நானூறு கிலோ சுமையைத் தாங்கும்படி புது லீஃப் ஸ்பிரிங். பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவே இருக்கட்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். நானும் முன்பு அழகுக்காகச் சமமாக்கி, சுமை ஏற்றினால் மூக்கு வானத்தைப் பார்க்க, எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட்டை அடித்துத் திட்டியதை மறக்கவில்லை. இந்த முறை அலைன்மெண்ட் முடிந்த கையோடு ஹெட்லைட்டையும் இறக்கி வைத்தோம்.

லீஃப் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டுகளைப் பெரியவர் குப்பையில் போட்டார். ஒருமுறை இறுக்கியதும் அவை நீண்டுவிடும், மறுபடி இறுக்கினால் அதே பிடி பிடிக்காது. ஸ்டெப்னியும் அதே அளவில் வாங்கினோம், நான்கு சக்கர டிரைவில் ஒரு சக்கரம் மட்டும் வேறு அளவில் சுற்றினால் கிரௌன் உள்ளே அரைபடும். தொட்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் அது ஏறியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. 35-க்கு அங்கே இடமே இருந்ததில்லை, ஓராண்டு அது தொட்டிக்குள் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளையும், 800-ல் எல்லா போல்ட்டுகளையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கினோம். இரண்டு போல்ட் கால் சுற்று போனது.

காற்று எவ்வளவு என்பது மட்டும் பாக்கி. அட்டவணை 40 பிஎஸ்ஐ-க்குக் குறையாதே என்றது. மகளின் சாக்பீஸ் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு டயரின் பட்டன் மேலும் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, நேர்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. 48-ல் நடு அழிந்தது, 44-லும் கொஞ்சம். 41-ல் கோடு முழுவதும் ஒரே மாதிரி அழிந்தது. சுமை ஏற்றும் நாளில் பின்பக்கம் மட்டும் 50. இரண்டு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஓட்டுநர் கதவில் பழைய ஸ்டிக்கருக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அப்பா கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து, ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்து, அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "இது என்ன, உன் பிரஷரா?" என்றார்.